முகமூடியைக் கழற்றினால் எந்த வீடு? சூப்பர்ஹீரோ காமிக்ஸில் லத்தீனோக்கள்

கேள்வி இதுதான்: மைல்ஸ் மொராலஸ் ஸ்பைடர்மேன் ஆகிவிட்டான், புளூ பீட்டிலுக்குத் தனிப்படமே வந்துவிட்டது. இனியும் சூப்பர்ஹீரோ காமிக்ஸில் லத்தீனோக்களுக்கு இடமில்லை என்று சொல்ல முடியுமா? புதிதாகப் படிக்கிறவர் எங்கிருந்து தொடங்கலாம்?

இடம் கிடைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தால் இந்த விஷயம் பிடிபடாது. நான் ஒரு கதாபாத்திரத்தை எடைபோட ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பேன்: சண்டை முடிந்து முகமூடியைக் கழற்றிவிட்டு அவன் எந்த வீட்டுக்குப் போகிறான்? அங்கே அடுப்படியில் யார் நிற்கிறார்கள்? தாமதமாக வந்ததற்கு என்ன மொழியில் திட்டு விழுகிறது? பீட்டர் பார்க்கருக்கு மே அத்தையின் வீடு உண்டு. சூப்பர்மேனுக்கு கான்சஸில் ஒரு பண்ணை வீடு உண்டு. அவர்கள் கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. லத்தீனோ ஹீரோக்களுக்கு அப்படி ஒரு வீட்டைக் கட்டித்தரப் பல வருடங்கள் ஆயின. கட்டிய பிறகும் அதை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இடித்தார்கள்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். லத்தீனோ என்றால் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஹிஸ்பானிக் என்றால் ஸ்பானிய மொழி வழி வந்தவர்கள். போர்த்துகீசியம் பேசும் பிரேசில்காரர் லத்தீனோ, ஆனால் ஹிஸ்பானிக் இல்லை. ஸ்பெயின்காரர் ஹிஸ்பானிக், ஆனால் லத்தீனோ இல்லை. அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த இரண்டு பெயரையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணியதில் சுமார் 6.2 கோடிப் பேர், கிட்டத்தட்ட 19 சதவீதம். பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லும் அளவுக்கு நிறைந்திருக்கும் மக்கள்.

வேடிக்கை என்னவென்றால், சூப்பர்ஹீரோ என்ற எண்ணத்தின் வேரிலேயே அவர்களின் சாயல் இருக்கிறது. கறுப்பு முகமூடி, பகலில் சோம்பேறிச் சீமான், இரவில் ஏழைகளின் காவலன் என்ற அமைப்பு 1919இல் ஜான்ஸ்டன் மெக்கல்லி எழுதிய சோரோவில் வந்துவிட்டது. கலிபோர்னியா ஸ்பானியர்கள் கையில் இருந்த காலத்துக் கதை அது. புரூஸ் வெய்னின் பெற்றோர் சுடப்பட்ட இரவில் அந்தக் குடும்பம் சோரோ படம் பார்த்துவிட்டுத்தான் திரும்பிக்கொண்டிருந்தது என்று பேட்மேன் கதைகளே சொல்கின்றன. ஆனால் 1940இல் ஃபிளாஷ் காமிக்ஸின் முதல் இதழில் வந்த 'தி விப்' யார் தெரியுமா? ராட் கேனர் என்ற பணக்கார வெள்ளைக்காரன். மெக்சிகோக்காரன் மாதிரி உடை உடுத்தி, மெக்சிகோக்காரன் மாதிரி ஆங்கிலத்தை இழுத்துப் பேசிச் சண்டை போடுவான். வேடம் மட்டும் வேண்டியிருந்தது, அந்த மனிதர்கள் வேண்டியிருக்கவில்லை. அடுத்த முப்பது வருடமும் பெரும்பாலும் இதே கதைதான்.

1975 டிசம்பரில் 'டெட்லி ஹேண்ட்ஸ் ஆஃப் குங்ஃபூ' 19ஆம் இதழில் ஒயிட் டைகர் வருகிறான். ஹெக்டர் அயாலா, நியூயார்க்கில் வாழும், புவேர்ட்டோ ரிக்கோ என்ற கரீபியத் தீவின் வம்சத்துக் கல்லூரி மாணவன். குங்ஃபூ மோகம் தலைக்கேறியிருந்த காலம் அது. புலித்தலை, புலிப்பாதம் வடிவிலான தாயத்துகளை அணிந்தால் அவனுக்குச் சக்தி வரும். எழுதியவர் பில் மேண்ட்லோ. வரைந்தவர் ஜார்ஜ் பெரெஸ், அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பெற்றோருக்கு சவுத் பிராங்ஸில் பிறந்த பையன். தான் வளர்ந்த தெருவைத்தான் வரைந்தார். அதனால் ஹெக்டருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது, ஒரு அக்கம்பக்கம் இருந்தது. அந்தக் கறுப்புவெள்ளைப் பக்கங்களை இன்று புரட்டினாலும் அது தெரிகிறது.

அப்புறம் அந்த வீட்டுக்கு என்ன ஆனது? எண்பதுகளின் தொடக்கத்தில், ஸ்பைடர்மேன் தொடர் ஒன்றில், கிடியன் மேஸ் என்ற வில்லன் ஹெக்டரின் குடும்பத்தைக் கொன்றுவிடுகிறான். ஹெக்டரும் சுடப்பட்டு, உயிர் பிழைத்து, தாயத்துகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கதையைவிட்டே போகிறான். இருபது வருடம் கழித்து டேர்டெவில் தொடரில் திரும்ப வருகிறான், எதற்காக? செய்யாத போலீஸ் கொலைக்குக் குற்றவாளியாகக் கூண்டில் நிற்பதற்காக. டேர்டெவில்தான் அவனுக்கு வக்கீல். ஜூரி குற்றவாளி என்று சொல்ல, நிலைகுலைந்து ஓடும் ஹெக்டர் நீதிமன்ற வாசலில் சுடப்பட்டுச் சாகிறான். அவன் நிரபராதி என்பது பிறகுதான் தெரியவருகிறது. கதையாகப் பார்த்தால் அது பிரமாதமான கதை, மறுக்கவில்லை. அந்தக் கூண்டுக்காரனின் முகம் மறக்காது. ஆனால் முதல் லத்தீனோ சூப்பர்ஹீரோக்களில் ஒருவன், இன்னொரு ஹீரோவின் மனவேதனைக்குக் காரணமாகவே செத்துப்போனான் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. பிறகு ஹெக்டரின் சகோதரி மகள் ஏஞ்சலா, தங்கை ஏவா என்று அடுத்தடுத்து அந்தத் தாயத்தை அணிந்தார்கள். இடித்த வீட்டைத் திரும்பக் கட்டும் முயற்சியாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

வீடே இல்லாத ஹீரோ எப்படி இருப்பான் என்று பார்க்க வேண்டுமானால், பேட்மேனையும் சூப்பர்மேனையும் வெளியிடும் டிசி நிறுவனத்தின் வைப். 1984இல் ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர்ஹீரோ அணி டெட்ராய்ட்டுக்கு இடம் மாறியபோது சேர்க்கப்பட்டவன். பாக்கோ ரமோன், தெரு ரௌடிக் கும்பலின் தலைவனாக இருந்தவன், பிரேக்டான்ஸ் ஆடுகிறவன். அவன் பேச்சை உச்சரிப்புக் கொச்சையோடு எழுத்தில் கொட்டியிருப்பார்கள். கும்பல், நடனம், கொச்சை, இந்த மூன்றுக்கு அப்பால் அவனைப் பற்றி நமக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது. ஜார்ஜ் பெரெஸே அந்தப் பாத்திரம் தனக்குப் பிடிக்கவில்லை, அது வெறும் அச்சுவார்ப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார். 1987இல் ஓர் இயந்திர மனிதனின் கையில் வைப் செத்தான். பணியில் கொல்லப்பட்ட முதல் ஜஸ்டிஸ் லீக் உறுப்பினர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. பின்னாளில் ஃபிளாஷ் தொலைக்காட்சித் தொடரில், கொலம்பியாவில் பிறந்த கார்லோஸ் வால்டெஸ் சிஸ்கோ ரமோனாக நடித்து அந்தப் பெயருக்கு உயிர் கொடுத்தார். அங்கே அவன் ஒரு பொறியாளன். எல்லா வில்லன்களுக்கும் பட்டப்பெயர் வைப்பவன்.

மொழி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இரண்டு மொழியில் வாழும் நமக்கு இது உடனே உறைக்கும். பழைய காமிக்ஸில் லத்தீனோ பாத்திரம் குவாண்டம் இயற்பியலைக்கூட ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும். ஆனால் 'ஆமாம்', 'நண்பா', 'கடவுளே' ஆகிய மூன்றை மட்டும் ஸ்பானிய மொழியில் சொல்லும். அந்தச் சொற்களைச் சாய்வெழுத்தில் வேறு போடுவார்கள். நிஜத்தில் எந்த இருமொழிக்காரன் அப்படிப் பேசுகிறான்? அலுவலகப் பேச்சு ஒரு மொழியில் ஓடும். கோபம், கொஞ்சல், சாப்பாடு, வியாதி, பாட்டியிடம் பொய் சொல்வது என்று வந்தால் வாய் தானாக வீட்டு மொழிக்குத் தாவும். யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மொழி மாறும். வீட்டுக்குள் போகாத எழுத்தாளருக்கு அந்தத் தாவல் எங்கே நடக்கும் என்று தெரியாது. அதனால் அவர் உப்பு தூவுவதுபோல வார்த்தைகளைத் தூவுகிறார்.

நிறமும் அப்படித்தான். 1982இல் நியூ மியூட்டன்ட்ஸில் வந்த சன்ஸ்பாட், அதாவது ரொபெர்ட்டோ ட கோஸ்டா, ரியோ டி ஜெனிரோக்காரன். அப்பா கறுப்பினப் பிரேசில்காரர், அம்மா வெள்ளை அமெரிக்கர். கால்பந்து மைதானத்தில் எதிரணிக்காரன் அவன் நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசி அடிக்கும் அந்தத் தருணத்தில்தான் அவனுடைய சக்தியே வெளிப்படுகிறது. பாத்திரத்தின் அடித்தளமே நிறம். ஆனால் வருடங்கள் போகப்போக, வண்ணம் தீட்டுகிறவர் மாற மாற, அவன் தோல் வெளுத்துக்கொண்டே வந்தது. 2020இல் வந்த திரைப்படத்திலும் வெளுத்த நிறமுள்ள நடிகரையே போட்டார்கள். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவாக இருக்க வேண்டியதில்லை. கவனிக்க ஆளில்லாவிட்டால் நிறம் எந்தப் பக்கம் சாயும் என்பது நமக்கும் தெரிந்த விஷயம்தானே.

வில்லன் பக்கம் ஒரு வார்த்தை: 1993இல் பேட்மேனின் முதுகெலும்பை முறித்த பேன் பிறந்தது சான்டா பிரிஸ்கா என்ற கற்பனைக் கரீபியத் தீவின் சிறைச்சாலையில். டிசி உலகத்தின் கற்பனை லத்தீன் நாடுகள் பெரும்பாலும் இப்படித்தான், சர்வாதிகாரி, போதைப்பொருள், சிறை. அங்கே யாருடைய சமையலறையையும் நாம் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் ஸ்பைடர்மேன் 2099, மிகெல் ஓஹாரா. 1992இல் பீட்டர் டேவிட்டும் ரிக் லியோனார்டியும் உருவாக்கியவன், அம்மா மெக்சிகோ வழி, தகப்பன் பெயர் ஐரிஷ். மைல்ஸுக்கு ஏறக்குறைய இருபது வருடம் முந்தைய லத்தீனோ ஸ்பைடர்மேன். அவன் மார்பிலுள்ள மண்டையோட்டுச் சிலந்தியைப் பார்த்தவர்கள் பலருக்கு, அது மெக்சிகோவின் இறந்தோர் தின விழாவுக்காக அவன் வாங்கிய உடை என்பது தெரியாது. நல்ல யோசனை, ஆனால் அதற்கு மேல் அவன் மெக்சிகோ வேரைத் தொடர் அதிகம் தோண்டவில்லை.

இன்னொருத்தி ரெனே மொந்தோயா, கோதம் நகரக் காவல்துறை அதிகாரி. பேட்மேன் கார்ட்டூனுக்காக உருவாகி, 1992இல் அதற்கு முன்பே காமிக்ஸுக்குள் வந்துவிட்டவள். டொமினிகன் குடும்பத்துப் பெண். 2003இல் கிரெக் ருக்கா எழுதி மைக்கேல் லார்க் வரைந்த 'ஹாஃப் எ லைஃப்' கதையில், அவள் தன் காதலியை முத்தமிடும் புகைப்படத்தை யாரோ காவல் நிலைய அறிவிப்புப் பலகையில் குத்திவிடுகிறார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் அவளை நடுங்கவைப்பது சக போலீஸ்காரர்களின் கேலி இல்லை, பக்தியுள்ள கத்தோலிக்கரான அப்பாவும் அம்மாவும் என்ன சொல்வார்கள் என்பது. கடைசியில் அவர்களிடமே போகிறாள், அவர்கள் அவளைக் கைவிடுகிறார்கள். கட்டிடம் இடியவில்லை, உலகம் அழியவில்லை. ஒரு கதவு சாத்தப்படுகிறது, அவ்வளவுதான். ஆனால் நான் படித்த சூப்பர்ஹீரோ உலகக் கதைகளில் இத்தனை கனமான பக்கங்கள் குறைவு. 2004இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது பெற்ற கதை இது. ருக்கா லத்தீனோ இல்லை. அதனால் 'அவர்கள் கதையை அவர்கள்தான் எழுத முடியும்' என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கவனித்தால் போதும்.

சரி, ஹைமே ரேயஸுக்கு வருவோம். பெயரை 'ஜெய்மி' என்று படிக்காதீர்கள், ஹைமே. மெக்சிகோ எல்லையில், டெக்சஸின் எல் பாசோவில் இருக்கும் பள்ளி மாணவன். கீத் கிஃபன், ஜான் ராஜர்ஸ், கல்லி ஹேம்னர் மூவரும் 2006இல் கொண்டுவந்த மூன்றாவது புளூ பீட்டில். அவன் முதுகுத்தண்டில் வேற்றுக்கிரக வண்டு ஒன்று புதைந்திருக்கிறது. அப்பா அல்பெர்ட்டோ மெக்கானிக், அம்மா பியாங்கா நர்ஸ், தங்கை மிலாக்ரோ. சூப்பர்ஹீரோ கதையின் பழைய விதி என்ன? வீட்டில் சொல்லாதே, சொன்னால் அவர்களுக்கு ஆபத்து. ஹைமே ஒரு வருடம் காணாமல் போய்த் திரும்பியதும் அந்த விதியைத் தூக்கி எறிகிறான். தொடரின் ஆரம்ப இதழ்களிலேயே குடும்பத்துக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவன் போடும் ஒவ்வொரு சண்டையும் வீட்டு விவகாரம். கேரேஜில் கூடமாட வேலை செய்கிறேன் என்று பையன் கேட்டால், வேண்டாம், நீ படி, இந்த வயதை இந்த வயதாக வாழ் என்கிறார் அப்பா. அந்த ஒரு மறுப்பில் ஒரு புலம்பெயர்ந்த வர்க்கத்தின் முழு ஆசையும் இருக்கிறது. அவனை மெக்சிகோக்காரன் என்று கூவிச் சொல்ல எந்தக் கொச்சை மொழியும் தேவைப்படவில்லை.

அந்தத் தொடரின் 26ஆம் இதழ், 2008இல் வந்தது, ஏறக்குறைய முழுக்க ஸ்பானிய மொழியில். ஆங்கில வசனத்தைக் கடைசிப் பக்கங்களில் தனியாக அச்சிட்டிருந்தார்கள். வெளியாளாக நின்று படிக்கும் சங்கடம் அன்று ஒருநாள் ஆங்கில வாசகருக்கு. பெரிய நிறுவனம் ஒன்று அதைச் செய்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் குளிர்கிறது. 2022இல் ஜோஷ் ட்ருஹியோ எழுதிய 'கிராஜுவேஷன் டே' தொடரை ஸ்பானியப் பதிப்போடு சேர்த்தே வெளியிட்டார்கள். 2023 படத்தின் இயக்குநர் ஆன்ஹெல் மானுவேல் சோட்டோ, புவேர்ட்டோ ரிக்கோக்காரர். அந்தப் படத்தில் பிடித்ததும் அதே விஷயம்தான், சண்டைக்குப் பாட்டி உட்பட மொத்தக் குடும்பமும் கிளம்பிவிடும்.

மைல்ஸ் மொராலஸ் கதை வேறு. 2011இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் சாரா பிச்செல்லியும் படைத்த புரூக்லின் பையன். அப்பா ஜெஃபர்சன் கறுப்பின அமெரிக்கர், அம்மா ரியோ புவேர்ட்டோ ரிக்கோ வழி. குடும்பப்பெயர் அம்மாவுடையது. ஆக அவனுடைய லத்தீனோ பாதி முழுக்க ரியோவின் தோளில்தான். 2013இல் அந்த அம்மாவைச் சாகடித்தார்கள். மருத்துவமனைச் சண்டையில் போலீஸ் குண்டு பாய்ந்து, மகன்தான் ஸ்பைடர்மேன் என்று தெரிந்துகொண்ட மறுநிமிடம் இறக்கிறாள். அவளோடு வீட்டின் பாதி மொழியும் போய்விட்டது. அப்புறம் 'சீக்ரெட் வார்ஸ்' என்ற தொடரின் முடிவில் ஒரு விந்தை. எல்லாம் வல்ல மாலிக்யூல் மேனுக்குப் பசிக்கிறது. மைல்ஸ் பாக்கெட்டிலிருந்த, வாரக்கணக்கில் பழசான ஹாம்பர்கரை எடுத்துக் கொடுக்கிறான். அந்த நன்றிக்குப் பிரதியாக, புதிய உலகத்தில் அவன் குடும்பம் உயிரோடு இருக்கிறது, அம்மாவும் சேர்த்து. எத்தனையோ பிரபஞ்சங்களை அழித்து ஆக்கிய கதையில் எனக்கு மனதில் நிற்பது அந்தப் பழைய பர்கர்தான். 2018இல் ஸ்பைடர்-வெர்ஸ் படம் வந்தபோது ரியோ மகனிடம் ஸ்பானிய மொழியில் பேசினாள், திரையில் மொழிபெயர்ப்பு ஓடவில்லை. அதுதான் சரி.

ஆனால் இவ்வளவு புகழ்பெற்ற பையனுக்கே 2023இல் என்ன நடந்தது பாருங்கள். ஸ்பைடர்மேன் 2 வீடியோ கேமில் மைல்ஸ் வீட்டுக்குள் கியூபா கொடியை வைத்துவிட்டார்கள். புவேர்ட்டோ ரிக்கோ கொடியில் சிவப்பு வெள்ளைப் பட்டைகள், நீல முக்கோணம். கியூபா கொடி அதன் தலைகீழ், நீலப் பட்டைகள், சிவப்பு முக்கோணம். நிறுவனம் பிறகு திருத்தியது, சரிதான். ஆனால் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் உழைத்த வீட்டில், சுவரில் இருப்பது யார் கொடி என்று ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அதற்கு முந்தைய வருடம் இன்னொன்று. ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதத்துக்காக டிசி சிறப்பு அட்டைகளை அறிவித்தது. மெக்சிகோ ஓவியர் ஹோர்ஹே மோலினா, கிரீன் லேன்டர்ன் கைல் ரேனரை 'லா பாட்ரியா' என்ற புகழ்பெற்ற ஓவியத்தின் பாணியில் வரைந்திருந்தார். ஹோர்ஹே கொன்சாலஸ் கமரெனா வரைந்த அந்த ஓவியம், அறுபதுகளில் மெக்சிகோவின் இலவசப் பாடநூல்களுக்கு அட்டையாக இருந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதைத் தொட்டுத்தான் எழுத்துக் கற்றார்கள். உரிமைச் சிக்கல் காரணமாக அது ஏற்கப்படவில்லை. பதிலுக்கு வெளிவந்த அட்டையில் கைல் கையில் இருந்தது தமாலே பொட்டலம், மக்காச்சோள மாவைச் சோளமடலில் பொதிந்து அவிக்கும் பண்டம். மற்ற சில அட்டைகளிலும் சாப்பாடுதான். வாசகர்கள் கொதித்ததில் வியப்பில்லை. இத்தனைக்கும் கைலின் அப்பா மெக்சிகோ வழி வந்தவர் என்பதே 2002இல்தான் கதையில் வெளிப்பட்டது. பாடநூல் அட்டையிலிருந்து பலகாரப் பொட்டலத்துக்கு இறங்கிய அந்த ஒரு அட்டையில், இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

மேலிடத்தில் லத்தீனோக்கள் இல்லாமல் இல்லை. ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனத்தின் தலைமை ஆசிரியராக 2000 முதல் 2011 வரை கியூபா வழிவந்த ஜோ கெசாடா, அதன்பின் 2017 வரை மெக்சிகோ வழிவந்த ஆக்ஸல் அலோன்ஸோ. அராஞா, மைல்ஸ், அமெரிக்கா சாவேஸ், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கோஸ்ட் ரைடர் ராபி ரேயஸ் எல்லோரும் அந்தக் காலத்தில்தான் வந்தார்கள். நாற்காலியில் யார் இருக்கிறார் என்பது முக்கியம்தான். ஆனால் அமெரிக்கா சாவேஸின் தனித்தொடரை எழுத, பிராங்ஸிலிருந்து வந்த புவேர்ட்டோ ரிக்கோப் பெண் காபி ரிவேராவை 2017இல் அழைத்தார்கள், தொடர் 12 இதழோடு நின்றது. நிலைக்கும் முன்பே நிறுத்துவது என்பது, வீடு கட்டிக் குடியேறும் முன் காலி செய்யச் சொல்வது.

ஆகவே சிலர் சொந்தமாகவே கட்டிக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் ஹாவியர் எர்னாண்டஸ் 1998இல் 'எல் முவெர்ட்டோ'வைத் தானே அச்சிட்டார். எட்கார்டோ மிராண்டா-ரொட்ரிகெஸ் 2016இல் 'லா போரின்கேன்யா'வை வெளியிட்டார். புவேர்ட்டோ ரிக்கோவின் பாடலே அவள் பெயர், அதன் கொடியே அவள் உடை, தீவின் பூர்வகுடி தாயினோ மக்களின் தெய்வங்கள் தந்தது அவள் சக்தி. 2017 செப்டம்பரில் மரியா புயல் தீவைப் புரட்டிப்போட்ட பிறகு, 2018இல் அவளும் டிசி ஹீரோக்களும் சேர்ந்து வரும் 'ரிக்கன்ஸ்ட்ரக்ஷன்' தொகுப்பைக் கொண்டுவந்து, வருமானத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தார். பெரிய நிறுவனத்தின் ஹீரோக்கள் ஒரு சின்னப் பதிப்பாளரின் கதாநாயகி வீட்டுக்கு விருந்தாளியாக வந்த புத்தகம் அது.

இங்கே ஒன்றை ஞாபகப்படுத்தியே ஆகவேண்டும். நான் பேசியதெல்லாம் அமெரிக்க லத்தீனோக்கள். மெக்சிகோவிலேயே பிறந்த ஹீரோக்கள் வேறு உலகம். அங்கே அறுபதுகளில் வானொலியில் தொடங்கி காமிக்ஸில் கொடிகட்டிப் பறந்த கலிமானைப் பாருங்கள். வெள்ளை உடை, தலைப்பாகை, இந்தியாவில் வளர்ந்தவன், காளி தேவியின் பரம்பரை! மெக்சிகோ பிள்ளைகள் கொண்டாடிய மாவீரன் நம் பக்கத்து ஆள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டதற்கு: 2006 புளூ பீட்டிலின் முதல் தொகுப்பு. அது பிடித்தால் 'ஹாஃப் எ லைஃப்'. இரண்டையும் முடித்தவருக்கு, ஆழமாகப் போக விருப்பமிருந்தால், ஃபிரெடெரிக் லூயிஸ் அல்டாமாவின் 'லத்தீன்எக்ஸ் சூப்பர்ஹீரோஸ் இன் மெயின்ஸ்ட்ரீம் காமிக்ஸ்'. ஆய்வு நூல், 2018இல் ஐஸ்னர் வாங்கியது. புளூ பீட்டில் 26ஆம் இதழ் கையில் கிடைத்தால், கடைசிப் பக்கத்து ஆங்கிலத்துக்கு உடனே தாவாதீர்கள். முதலில் படங்களை மட்டும் வைத்து ஒரு தடவை படியுங்கள். யார் யாரை அதட்டுகிறார், யார் யாருக்குப் பயப்படுகிறார் என்பது மொழி தெரியாமலே புரியும்.